பறவைக்குத் திதி கொடுத்த ஊரும் பெரிய மாமாவின் மிளகாய்த்தூள் டப்பாவும்

தை அமாவாசை. விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னையை விட்டுக் கிளம்பியதால், வெளிச்சம் வருவதற்குள் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிவிட்டோம். காரில் ஆறு பேர். முன் சீட்டில் பெரிய மாமா. பின்னால் அம்மா, நான், சின்ன மாமாவின் மகன், அவன் மனைவி. வண்டி ஓட்டியது பெரிய மாமாவின் மருமகன் என்பதால் பேச்சு கொஞ்சம் மரியாதையாகவே நடந்தது.

பாலுசெட்டி சத்திரம் வரும்போது பெரிய மாமா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். போனைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். விபூதி வைக்கிற சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டார்.

"என்ன மாமா அது, விபூதியா?"

"விபூதி இல்லைம்மா. மிளகாய்த்தூள்."

காரில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சின்ன மாமா மாரடைப்பில் போனார். அவருக்காகத்தான் இந்தப் பயணமே. அவர் போன பயத்தில் பெரிய மாமாவை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தபோது இவருக்கும் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதயம் என்ற வார்த்தை வந்தாலே மாமா அதைப் படித்து, நம்பி, நாலு பேருக்கு அனுப்பிவிடுவார். மிளகாய்த்தூளும் அப்படி வந்ததுதான். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள் கலந்து குடித்தால், மாரடைப்பு 60 விநாடியில் நின்றுவிடுமாம்.

புள்ளும் குழியும்

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் சில நிமிடத்தில் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். லாரிச் சத்தம் அடங்கியதும் கோபுரம் தெரிகிறது, எதிரே குளம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய தலம். ஆனாலும் விசேஷ நாள் தவிர மற்ற நாட்களில் காஞ்சிக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பட்டுப்புடவைக் கடைகளில் ஆகிற நேரம் அப்படி!

புள் என்றால் பறவை. அந்தப் பறவைக்குத் தோண்டிய குழிதான் புட்குழி. சீதையைத் தூக்கிப்போன ராவணனை எதிர்த்துச் சிறகு அறுபட்டு விழுந்த ஜடாயுவுக்கு, ராமர் ஒரு மகனின் இடத்தில் நின்று ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தல புராணம். சுவாமி பெயர் விஜயராகவப் பெருமாள். ஜடாயுவை மடியில் வைத்த கோலம் என்கிறார்கள். குளத்தின் பெயரும் ஜடாயு தீர்த்தம். சொந்தத் தகப்பனுக்குக் கடைசிக் காரியம் செய்யக் கொடுத்துவைக்காத ராமர், அப்பாவின் சிநேகிதரான ஒரு கழுகுக்குச் செய்தார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் நின்றால், கையில் எள்ளும் தண்ணீரும் இருக்கிற யாருக்கும் தொண்டை அடைக்கும்.

சின்ன மாமாவின் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். குளத்தில் நல்ல தண்ணீர். அம்மா மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அது தம்பி.

இந்த ஊருக்கு இன்னொரு பேரும் புகழும் உண்டு. தாயார் மரகதவல்லி. குழந்தை வரம் வேண்டி வருகிற பெண்கள் குளத்தில் முழுகி, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு தூங்குகிறார்கள். காலையில் பயறு முளைவிட்டிருந்தால் பிள்ளை உண்டு என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்குமா என்று கேட்கிற ஆள்தான் நான். ஆனால் அன்று ஈரப்புடவையோடு, பிரகாரத்தில் யாரையும் பார்க்காமல் போன ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தபோது அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. பயறுக்காக ஓர் இரவு காத்திருக்கலாம், யாருக்கும் கெடுதல் இல்லை. சின்ன மாமா வீட்டில் ஓர் இரவு காத்திருந்ததுதான் தப்பாகிவிட்டது.

ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சைப் பிசைவது மாதிரி இருந்திருக்கிறது. சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டதால் வாயு என்று முடிவு செய்துவிட்டார்கள். முதலில் ஓமத் தண்ணீர், அப்புறம் சீரகக் கஷாயம், சூடாக எண்ணெய் தடவல். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பெருங்காயம் கொடுத்தார். எல்லாரும் அன்போடுதான் செய்தார்கள். வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து, "வாயு இறங்குது" என்று சந்தோஷப்பட்டதாக அத்தை பின்னால் சொல்லி அழுதாள். விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கோயிலுக்குள் வராத மிளகாய்

தர்ப்பணம் முடிந்து, தரிசனம் முடிந்து, தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டு ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தோம். ஒரு வாய் போட்டதும் மிளகு நறுக்கென்று கடிபட்டது.

"பார்த்தியாம்மா, பெருமாளுக்கே காரம் வேண்டியிருக்கு" என்றார் பெரிய மாமா.

"இது மிளகு மாமா. மிளகாய் இல்லை."

"ரெண்டும் ஒரே ஜாதிதானே?"

இல்லை. மிளகு கொடியில் காய்ப்பது, மேற்குத் தொடர்ச்சி மலையைச் சொந்த ஊராகக் கொண்டது. மிளகாயோ கத்திரிக்காய், தக்காளி குடும்பத்துச் செடி. பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். 1492-ல் கொலம்பஸ் நம் மிளகைத் தேடிக் கப்பல் ஏறி, வேறு கண்டத்தில் இறங்கி, அங்கே காரமாக இருந்த காய்க்கு மிளகின் பெயரையே வைத்துவிட்டார். அந்தக் குழப்பம் ஆங்கிலத்தில் இன்றும் தீரவில்லை. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததும் மிளகு வாங்கத்தான். அவருக்குப் பின்னால் வந்த போர்த்துக்கீசியர்களின் கப்பல்களில்தான் மிளகாய் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. நம் பாட்டன்மாரும் அதைப் பார்த்து, மிளகு மாதிரி காரமான காய் என்று மிளகாய் ஆக்கிவிட்டார்கள்.

ஆக, நம் சமையலில் அதற்கு வயது ஐந்நூறுகூட முழுசாக ஆகவில்லை. பழைய கோயில் மடப்பள்ளிகள் பலவற்றில் இன்னும் அதற்கு இடம் கிடையாது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சாப்பிட்டிருப்பீர்கள். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைப்பது. அதில் மிளகாய் வாசனையே இருக்காது. தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி கேட்பவர்கள் வெளியே ஓட்டலில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் பாட்டி வீட்டிலும் திதி அன்று மிளகாய் அடுப்பங்கரைக்குள் வராது. மிளகுக் குழம்பு, பாகற்காய், வாழைக்காய், சேனை, பிரண்டைத் துவையல். துவையலுக்குக்கூட மிளகுதான். ஏன் என்று கேட்டால், "அவங்க காலத்துல இல்லாததை அவங்களுக்கு எப்படிப் போடுறது?" என்பாள். செத்துப்போனவர்களுக்கு அவர்கள் நாக்குக்குப் பழக்கமான சாப்பாடு. எனக்கு இதைவிட நல்ல காரணம் யாரும் சொன்னதில்லை.

பெரிய மாமா கேட்டுக்கொண்டே பொங்கலை முடித்தார். "அப்போ மிளகாய் ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்கிறியா?" என்றார்.

அப்படியும் சொல்ல முடியாது. உண்மையில் மிளகாய்க்கு ஆதரவாக உலகத்தில் நிறைய வேலை நடந்திருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றிலும் ஒரு துளி எடுத்துத் திரித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். நாக்கில் சூட்டை உணர்கிற நரம்பு முனைகளில் போய் அது ஒட்டிக்கொள்ளும். அங்கே உண்மையில் சூடு எதுவும் இல்லை, ஆனால் மூளை 'தீ' என்று நம்பிவிடுகிறது. அதனால்தான் வியர்ப்பதும், மூக்கு ஒழுகுவதும். இந்த வாசலை 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மிளகாயைக் கடித்துவிட்டு 'உஸ் உஸ்' என்று ஊதுகிற நமக்கு யாரும் பரிசு தரவில்லை!

இதய விஷயத்துக்கு வருவோம். சீனாவில் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. வாரத்தில் ஏறக்குறைய தினமும் காரம் சாப்பிட்டவர்களிடம், காரமே பெரிதாகத் தொடாதவர்களைவிட இறப்பு 14 சதவீதம் குறைவு. 2019-ல் இத்தாலியின் மொலிசே பகுதியிலிருந்து இன்னொரு ஆய்வு. 22,811 பேர், சுமார் எட்டு வருடம். வாரத்தில் நாலு தடவைக்கு மேல் மிளகாய் சேர்த்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் வரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

மாமாவின் முகம் மலர்ந்தது. "அதான் நானும் சொல்றேன்."

"மீதியையும் கேளுங்க மாமா."

இவை மனிதர்களைத் தூர நின்று பார்த்த ஆய்வுகள். மிளகாய் சாப்பிடுகிறவர் வேறு என்னென்ன செய்கிறார், எவ்வளவு நடக்கிறார், எத்தனை காய்கறி சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் முழுக்கப் பிரித்து எடுக்க முடியாது. மிளகாய்தான் காப்பாற்றியது என்று அந்த ஆராய்ச்சியாளர்களே சத்தியம் செய்யவில்லை. முக்கியமாக, வருடக்கணக்கில் சாப்பாட்டோடு சேர்ந்த மிளகாயைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள். நெஞ்சுவலி வந்த ராத்திரியில் குடிக்கிற மிளகாய்த் தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

நம் ஊர் சமாசாரம் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே மிளகாய் தனியாக வயிற்றுக்குள் போகாது. மோர்மிளகாயில் உப்பு, ஊறுகாயில் உப்பும் எண்ணெயும், பஜ்ஜியில் எண்ணெயோ எண்ணெய். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே. பழைய சோற்றுக்கு நாலு மோர்மிளகாய் கடித்துக்கொள்கிற ரத்த அழுத்தக்காரர், இத்தாலிக்காரர் ஆய்வைக் காட்டித் தப்பிக்க முடியாது.

காஞ்சி பக்கத்தில் குழித்தறியில் கால்களை இறக்கி நாள் முழுக்க உட்கார்ந்து நெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தே செய்கிற வேலை, இடையிடையே டீ, காரமாக ஒரு கடி. மிளகாயைக் கூட்டவா குறைக்கவா என்பதைவிட, அவர்கள் எழுந்து நடக்க அரை மணி கிடைக்கிறதா என்பதுதான் இதயத்துக்குப் பெரிய கேள்வி என்று தோன்றும். தறிக்காரர் என்றில்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற என் கதையும் அதேதான்.

60 விநாடியில் என்ன நடக்கும்?

நேரே அந்த டப்பாவுக்கே வந்தேன். மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாயில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்வது. அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டு வரும். ஊசி மருந்தால் கட்டியைக் கரைக்க வேண்டும், அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி செய்து திறக்க வேண்டும். மிளகாய்த் தண்ணீர் முதலில் இரைப்பைக்குத்தான் போகும். ஏற்கெனவே குமட்டலில் இருக்கிறவருக்கு அது வாந்தியைக் கிளப்பும், மயங்குகிறவருக்குப் புரையேறும். எல்லாவற்றையும்விட, 'கொடுத்தாச்சு, கொஞ்சம் பார்ப்போம்' என்று உட்கார வைத்துவிடும். ஓமத் தண்ணீர் செய்ததும் அதைத்தான்.

கேயேன் மிளகாய் என்று வெளிநாட்டு மாத்திரைகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. உடம்பு இளைக்க அதை விழுங்கிய ஓர் இளைஞருக்கு மாரடைப்பே வந்ததாகத் துருக்கி மருத்துவர்கள் 2012-ல் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒருவர் கதைதான், அதை வைத்துப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் பெரிய மாமாவைப் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. குழம்பில் போடுகிற மிளகாய் வேறு, செறிவாக்கி டப்பாவில் அடைத்தது வேறு.

"அப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா என்னதான் பண்ணச் சொல்றே?" மாமா குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. சின்ன மாமாவின் மகனும் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருடமாக அவன் மனசில் இருந்த கேள்வியும் அதுதான் போலிருக்கிறது.

நடுநெஞ்சில் அழுத்தம், பிசைவது மாதிரி வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது. இதில் எது வந்தாலும் வாயுவா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே பெரிதாக இருக்காது. களைப்பு, குமட்டல், மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால்? தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். கிராமங்களில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் அவசர மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் அங்கே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கடையில் வாங்கி நாமே விழுங்குவதற்கு இல்லை இது. வேறு வியாதிகள், ஒவ்வாமை, ரத்தக் கசிவு இருக்கிறவர்களுக்கு இதே மாத்திரைகள் ஆபத்தாகலாம்.

"உங்களுக்கு டாக்டர் நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தாரே, எங்கே?"

"வீட்டுல பீரோவுல இருக்கு" என்றார் மாமா. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்ணா, மிளகாய்த்தூளைப் பையில வெச்சுக்கிட்டு மாத்திரையை பீரோவுல வெச்சியா?"

கோயிலை இன்னொரு சுற்று சுற்றினோம். ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் இது என்று சொல்வார்கள். குருவின் விளக்கம் சரியில்லை என்று தோன்றியபோது தைரியமாக மறுத்துச் சொன்ன மாணவர் அவர். கோயிலில் ஒரு மரக்குதிரை வாகனம் இருக்கிறது. உடம்பு தனித்தனி மூட்டாக அசைந்து, நிஜக் குதிரை மாதிரியே ஓடிவருமாம். இதைப் போல இன்னொன்று செய்ய மாட்டேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற அந்தச் சிற்பி உயிரையே விட்டார் என்பது ஊர்க்கதை. பிரம்மோற்சவத்தின்போது வந்தால் பார்க்கலாம். நாங்கள் அடுத்த தடவைக்கு என்று வைத்துக்கொண்டோம்.

வெளியே வந்தபோது குளத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் கூடையில் கொய்யாக்காய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிற வியாபாரம்.

"எனக்கு உப்பு வேண்டாம்மா. தூளும் வேண்டாம், என்கிட்டயே இருக்கு" என்றார் பெரிய மாமா.

டப்பாவைத் திறந்து கொய்யாத் துண்டுகள் மேல் தாராளமாகத் தூவினார். எங்கள் கைகளிலும் தூவினார். வீட்டில் காயவைத்து மிஷினில் கொடுத்து அரைத்த ராமநாதபுரம் முண்டு மிளகாய், நல்ல நிறம். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

மீதித் தூளைக் குளத்தில் கொட்டப் போனவரை அந்தக் கொய்யாக்கார அம்மாள்தான் தடுத்தார். "மீனு இருக்குது சாமி, என்கிட்ட கொடு." தன் தூள் டப்பாவில் அதைச் சேர்த்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிட நிறுத்தியபோது, மருமகன் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனார். மாமா போனில் வைத்திருந்த டாக்டர் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி வந்து, காலி டப்பாவில் போடப் போனார்.

"முதல்ல நல்லாத் துடைங்க மாப்பிள்ளை" என்றார் பெரிய மாமா. "நாக்குக்கு அடியில வைக்கிறது."